மூன்றாம் வரிசை இருமல்

ஓர் இருமலுக்காக வருங்கால வைப்பு நிதியில் கை வைத்த மனிதன் இந்த மும்பையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அது என் இருமல்கூட இல்லை. எப்போதோ, எந்த ஊர் சபாவிலோ, ஆலாபனை ஓய்ந்து தம்புரா மட்டும் ஒலித்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இருமித் தொலைத்திருக்கிறார். அது சிடியில் பதிவாகிவிட்டது. அதைத் துல்லியமாகக் கேட்பதற்காக, நன்றாக ஓடிக்கொண்டிருந்த என் பிளேயரைக் கொடுத்துவிட்டு, அதைவிட எடை கூடிய, வேறொருவர் வைத்திருந்த ஜப்பான் பிளேயர் ஒன்றை வாங்கி, டாக்சியில் மடிமேல் வைத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு வந்து சேர்ந்தேன்.

"பழசுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்று மனைவி கேட்டாள்.

"இதுல அந்த மாமா மூணாவது வரிசையில உக்காந்திருக்கார்" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் அன்று என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

என்னை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மரியாதையால் அல்ல. சொன்னால் அது விளம்பரமாகிவிடும்.

செம்பூரில் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில் அவர் இருந்தார். கூடத்தில் ஒரே ஒரு நாற்காலி. சுவர் நெடுகப் பிளேயர்கள். எல்லாம் ஒரு காலத்தில் பணக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை. உலகமே ஃபோனில் பாட்டுக் கேட்கத் தொடங்கிய பிறகு அவற்றை மலிவாக வாங்கி, தாராவியில் யாரிடமோ கொடுத்து லென்ஸ் மாற்றி, அடியில் பித்தளைக் கால் வைத்து, எங்களைப் போன்றவர்களிடம் விற்பதுதான் அவர் தொழில். "பழையது" என்ற சொல்லை அந்த வீட்டில் உச்சரிக்கக் கூடாது. "ஒருத்தர் கை பட்டது" என்றுதான் சொல்ல வேண்டும். ஃபோனில் கேட்பவர்களைப் பற்றி அவருக்கு ஒரே கருத்து: "அது சங்கீதம் இல்லை ஸார், நியூஸ்."

வெளியே கிளம்பினால் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொள்வார். ரயிலிலும் அப்படித்தான். ஏதோ வியாதி போலிருக்கிறது என்று ஜனங்கள் இடம் விட்டு உட்காருவார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் செருப்பைக் கழற்றுவார், பிறகு பஞ்சை. கல்யாணம் செய்துகொள்ளாததற்குக் காரணம் குக்கர் விசில் என்று ஒரு பேச்சு உண்டு. வாடிக்கையாளர் வந்தால் ஜன்னலைச் சாத்துவார், மின்விசிறியை நிறுத்துவார். மே மாதத்துச் செம்பூரில் இதற்குப் பெயர் விருந்தோம்பல். காப்பி கிடையாது. உறிஞ்சும் சத்தம் ஆகாது.

பிறகு அந்த சிடியைப் போடுவார். வியர்வை கண்ணில் இறங்க, நாம் இருமலுக்காகக் காத்திருப்போம். வரும்.

"கேட்டேளா?"

"கேட்டேன்."

"எங்கேர்ந்து?"

இதுதான் பரீட்சை. கீழ்த்தட்டுப் பிளேயரில் அது வெறும் இருமல். அடுத்ததில் அது இடது பக்கத்திலிருந்து வரும். அதற்கும் மேலே போனால் மூன்றாவது வரிசை. இன்னும் மேலே உள்ளதில் இருமுகிறவர் வாயைத் துண்டால் பொத்திக்கொள்வதுகூடத் தெரியும் என்பார். தெரியவில்லை என்று சொல்ல யாருக்கும் துணிவு வந்ததில்லை. நானும் "ஆமாம், துண்டு" என்றேன்.

ஒரு பிளேயரை விற்று ஒரு வருஷம் ஆனதும் கேட்பார்: "இன்னுமா அந்த டப்பாவை வெச்சுண்டிருக்கேள்?"

"நீங்க கொடுத்ததுதானே ஸார்?"

"அப்ப உங்க காதுக்கு அது போறும். இப்ப காது வளர்ந்துடுத்து."

என் வயதில் வேறு எதுவும் வளர்வதாக யாரும் சொல்வதில்லை. பொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன்.

ஐம்பது தாண்டாதவர்களுக்கு அவர் விற்கமாட்டார். ஆசையோடு வந்த ஓர் இளைஞரை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். காது முதிர வேண்டும் என்ற தத்துவமாக்கும் என்று நினைத்து, "ஏன் ஸார்?" என்றேன்.

"அவனுக்குக் கொடுத்தா எப்ப திரும்பி வரும்?" என்றார், ஒளிவு மறைவே இல்லாமல்.

அன்றைக்கே நான் விழித்துக்கொண்டிருக்க வேண்டும். அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பிபி எப்படி, சுகர் எப்படி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று விசாரிப்பதை நான் பிரியம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். பெற்ற பிள்ளை கேட்பதில்லை, இவர் கேட்கிறார் என்று மனைவியிடம் குத்திக்காட்டியதுகூட உண்டு.

வாடிக்கையாளர் யாராவது தவறிப்போனால் அவர் சாவு வீட்டுக்குப் போகமாட்டார். பத்தாம் நாளும் போகமாட்டார். அதெல்லாம் துக்கம். பதின்மூன்றாம் நாள் சுபம். அன்று சாமான் வெளியே போகலாம் என்பது அவருடைய சாஸ்திரம். தாராவியிலிருந்து ஒரு டெம்போவைச் சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டியில் வந்து, பந்தியில் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டு, கையலம்பிய ஈரத்தோடு வீட்டுக்காரியிடம் போய் நிற்பார். "பாவம், உங்களுக்கு எதுக்கு மாமி இந்த பாரமெல்லாம்?" என்பார். புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி அவர்களும் "எடுத்துண்டு போங்கோ, பாத்துக் கொடுங்கோ" என்பார்கள். அவர் பார்த்துத்தான் கொடுப்பார்.

என் நண்பன் விசு வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவன். மாட்டுங்காவில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவனிடம் இருந்தது அந்த மனிதர் விற்றவற்றிலேயே உசத்தியானது. முகப்பு வெள்ளி நிறம், உள்ளே பல்பு போல எரிந்து சூடேறும் கண்ணாடி வால்வுகள், ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத கனம். ஏதோ அவசரத்துக்கு அதை விசுவுக்கு விற்றுவிட்டு, விற்ற மறுநாளிலிருந்து அவர் தவித்துக்கொண்டிருந்தார். "என் பொட்டி விசுவாத்துல இருக்கு" என்றுதான் சொல்வார், பெண்ணைக் கட்டிக்கொடுத்த மாதிரி. திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பலமுறை கேட்டார். விசு மசியவில்லை.

எனக்கு அதன் மேல் ஒரு கண் என்று அவருக்குத் தெரியும். "அது திரும்பி வந்தா உங்களுக்குத்தான் ஸார்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"அவன்தான் தரமாட்டேங்கறானே, எப்படி வரும்?"

"வரும்."

அந்த "வரும்" எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதைப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒரு தீபாவளியை ஒட்டி விசுவுக்கு இருமல் வந்தது. மும்பையில் இருமலை யார் மதிக்கிறார்கள்? தூசி, புகை, பக்கத்துக் கட்டடத்தை இடிக்கிறான், ஏதாவது ஒன்று. வாராவாரம் சனிக்கிழமை நான் அவன் வீட்டுக்குப் போவேன், அந்த வெள்ளிப் பொட்டியில் மூன்றாம் வரிசை மாமாவைக் கேட்பதற்கு. சரியாக அந்த இடம் வரும்போது ஒருநாள் விசு இருமினான். நான் "உஷ்" என்றேன்.

தை மாதம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். செய்தி கேட்டதும் செம்பூர்க்காரர் வந்துவிட்டார். கட்டில் பக்கத்தில் நின்று, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். விசு இருமினான். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

விசு மூச்சு வாங்கச் சிரித்தான். "என்ன ஸார், எந்த வரிசை?"

அவர் சிரிக்கவில்லை. என் முழங்கையைத் தொட்டு வெளியே அழைத்துப் போனார்.

"இடது பக்கம். கீழ. ஈரம் நிறைய இருக்கு" என்றார் தாழ்வாரத்தில். ஸ்கேன் ரிப்போர்ட் மறுநாள்தான் வந்தது. அதுவும் அதையேதான் சொல்லிற்று. "பங்குனி தாண்டாது" என்று அவரே தொடர்ந்தார். "உங்க பொட்டிக்கு நல்ல பார்ட்டி ஒருத்தர் இருக்கார், தாணேல. இப்பவே கொடுத்துடுங்கோ. விசுவோடது வந்தா நேரா உங்காத்துல இறக்கிடறேன்."

நான் கொடுக்கவில்லை. என்ன விலைக்குப் போகும் என்று மட்டும் கேட்டேன்.

சொன்னார். பிறகு, ஒரு நிபுணருக்கே உரிய பெருமையோடு, "எனக்கு இன்னிக்கா தெரியும்? தீபாவளிக்கு போன் பண்ணினாரே, அப்பவே காதுல விழுந்துடுத்து. அது தூசி இருமல் இல்லை" என்றார்.

"அப்பவே அவன்கிட்ட சொல்லியிருக்கலாமே ஸார்? டாக்டரைப் பாருன்னு ஒரு வார்த்தை?"

கச்சேரி நடுவில் மின்விசிறியைப் போடச் சொன்னவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்.

"அவர் என்னண்ட கேட்டது பவர் கேபிளைப் பத்தி."

எங்களுக்குப் பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினேன். விசுவின் மனைவி ஜெயா மன்னி, பிளாஸ்கோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. அவர் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். அவசரமே இல்லாமல், ஞாபகம் வைத்துக்கொள்வதற்காகப் பார்ப்பது போல. பிறகு "காப்பி ஆறிடும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

பங்குனி தாண்டவில்லை.

பன்னிரண்டாம் நாள் காரியத்துக்கு விசுவின் வீட்டில் சாமான்கள் பரப்பியிருந்தன. போனவர் போகிற இடத்தில் கஷ்டப்படாமல் இருக்க அவர் பெயரில் தானம் கொடுப்பதற்கு: குடை, செருப்பு, தடி, செம்பு, விளக்கு, பாய், போர்வை. சான்பாடாவிலிருந்து வந்திருந்த சாஸ்திரிகள் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மன்னி உள்ளேயிருந்து வந்து, புனேயிலிருந்து வந்திருந்த மகனிடம், "ஷெல்ஃபுல இருக்கே, அந்த வெள்ளிப் பொட்டி, அதையும் கொண்டுவந்து வை" என்றார்.

"அம்மா, அது என்ன விலைன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். சாஸ்திரிகளே, அவருக்குப் பிடிச்சதைக் கொடுக்கலாமோல்லியோ?"

"பேஷா கொடுக்கலாம்" என்றார் சாஸ்திரிகள். பொட்டியை இருவர் சுமந்து வந்து வைத்ததும் அதை முன்னும் பின்னும் சுற்றிப் பார்த்தார். "ஆனா மாமி, சங்கல்பத்துல இதை என்னன்னு சொல்றது? குடைக்கு இருக்கு, செருப்புக்கு இருக்கு. இது என்ன சாமான்?"

"பாடற சாமான்."

"அப்ப வாத்தியம்னு சேத்துக்கறேன்."

பிள்ளை எள்ளும் தண்ணீரும் விட்டுத் தாரை வார்த்தான். அப்படிக் கொடுத்ததை யாரும் திருப்பிக் கேட்க முடியாது. விற்கச் சொல்லி நச்சரிக்க முடியாது. பாத்துக் கொடுங்கோ என்பதற்கு அங்கே இடமே இல்லை. நான் துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன். துக்கம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். ஒருவர் என் முதுகைத் தடவிக்கூடக் கொடுத்தார்.

மறுநாள் அவர் வந்தார். வெள்ளை வேட்டி. கீழே டெம்போ. கூடத்துக்குள் நுழைந்தவரின் கண் நேராக ஷெல்ஃபுக்குப் போயிற்று. அங்கே தூசியில் ஒரு சதுரம் மட்டும் இருந்தது.

"மாமி, பொட்டி எங்க?"

"கொடுத்தாச்சு."

"யாருக்கு? என்ன விலைக்கு?"

"தானம். சாஸ்திரிகளுக்கு."

அவர் வாய் கொஞ்சம் திறந்தது. எத்தனையோ பொட்டிகளை எத்தனையோ வீடுகளில் இருந்து தூக்கியவர். இப்படி ஓர் எதிரி விலைக்கு வாங்காமலே தட்டிக்கொண்டு போவான் என்று நினைத்திருக்கமாட்டார்.

"மாமி, அதுக்கு ஒரு பவர் கேபிள் உண்டே? தனியா வாங்கினது. அதாவது..."

"அதையும் சேத்துத்தான் கொடுத்தேன். தீபாவளிக்கு போன் பண்ணி அவர் உங்ககிட்ட கேட்டாரே, அந்தக் கேபிள்தானே?"

அவர் தூசிச் சதுரத்தையே பார்த்தார்.

"உக்காருங்கோ. இலை போட்டாச்சு. சாப்பிட்டுட்டுப் போங்கோ" என்றார் மன்னி.

அவமானத்தால் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். உட்கார்ந்தார். பாயசம் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார். கீழேயிருந்து டெம்போக்காரர் மாடியேறி வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மாமா, பொட்டி எங்க? வெயிட்டிங் சார்ஜ் ஏறிக்கிட்டே கெடக்கு. வெறும் வண்டியவா ஓட்டிட்டுப் போவச் சொல்லுதிய?"

"நீங்களும் கைகால் அலம்பிண்டு வாங்கோ. சாப்பிடலாம்" என்றார் மன்னி.

"நான் லோடுக்குல்லா வந்தேன் தாயி" என்று சொல்லிக்கொண்டே டெம்போக்காரரும் உட்கார்ந்தார்.

இத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவரை உங்களுக்குத் தெரியாது. என்னையும் தெரியாது. சாஸ்திரிகளை ஃபோனில் துரத்தினார். சாஸ்திரிகள் இன்று கோபர்கைரனேயில் கிருஹப்பிரவேசம், நாளை தாணேயில் ஆயுஷ்ஹோமம் என்று நழுவிக்கொண்டே இருந்தார். மழை வந்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை அழைத்தார்: "சான்பாடா போய்ப் பேசிட்டு வந்துடலாம். நீங்க தெரிஞ்சவர். வாங்கினா உங்களுக்குத்தான்." நான் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கே என்று மனைவி கேட்கவில்லை. கேட்பதை அவள் விட்டுப் பல காலம் ஆயிற்று.

சாஸ்திரிகளின் ஃபிளாட் நான்காவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. சாஸ்திரிகளும் இல்லை, அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். அந்த மாமி எங்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். விஷயத்தைச் சொன்னோம்.

"அதுவா? உள்ள வந்து பாருங்கோ."

சமையலறை மேடையில், மிக்சிக்கும் தண்ணீர் ஃபில்டருக்கும் நடுவே, வெள்ளி முகப்போடு அது வீற்றிருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மேலே நாலாக மடித்த துண்டு. துண்டின் மேல் ஒரு பெரிய எவர்சில்வர் அடுக்கு, மூடி போட்டு.

செம்பூர்க்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "மாமி, என்ன இது?"

"இட்லி மாவு. இந்த மழையில எங்க பொங்கறது சொல்லுங்கோ. மாமா சொருகிப் பாத்தார், பாட்டும் இல்லை ஒண்ணும் இல்லை. ஆனா மூடி நன்னாச் சுட்டுது. மேல வெச்சுப் பாத்தேன். வழிஞ்சு வந்துடுத்து!"

"அது தனியாப் பாடாது மாமி. ஆம்பிளிஃபையர் வேணும், ஸ்பீக்கர் வேணும். அதோட விலை என்னன்னு..."

"பாடவே வேண்டாம். பாடறதுக்குத்தான் டிவி இருக்கே."

அவர் ஒரு விலை சொன்னார். மாமி தலையை ஆட்டினார். இன்னொன்று சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு விலை வந்து நான் கேட்டதே இல்லை. அவர் வாங்கும்போது கேட்டதில்லை என்று சொல்கிறேன்.

"தானம் வாங்கினதை வித்தா மாமா கோச்சுப்பார்" என்றார் மாமி. "அது கிடக்கட்டும். வித்துட்டு நான் மாவை எங்க வெக்கறது? சித்த இருங்கோ, ஒரு ஈடு எடுத்துடறேன்."

சாப்பிட்டோம். அவரும் சாப்பிட்டார், பொட்டியைப் பார்த்துக்கொண்டே. கையலம்பிவிட்டு, செருப்பை மாட்டிக்கொள்ளும்போது அவருடைய குரல் மறுபடி மென்மையாயிற்று. அந்தக் குரலை எனக்குத் தெரியும். நான் பிரியம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

"மாமாவுக்கு என்ன வயசு இருக்கும்? பிபி, சுகர்னு ஏதாவது..."

மாமி கபடமே இல்லாமல் பதில் சொன்னார். "அவருக்கு ஒண்ணும் இல்லை, பகவான் புண்ணியத்துல. உங்களுக்குத்தான் மாடி ஏறி வந்ததுலேர்ந்து மூச்சு இழுக்கறது. உக்காந்து சாப்பிட்டும் இன்னும் அடங்கலை பாருங்கோ. ஒரு நல்ல டாக்டராப் போய்ப் பாத்துடுங்கோ, தள்ளிப் போடாதேங்கோ."

அவர் பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார்.

திரும்பி வரும் ரயிலில் கூட்டம் இல்லை. வாஷி பாலம் தாண்டும்போதும் அவர் மூச்சு எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. மாமி சொன்னதை நானும் ஒரு தரம் சொல்லிவைப்போம் என்று வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் பக்கம் குனிந்தார்.

"உங்க பொட்டியை என்ன பண்றதா உத்தேசம்?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவரை நான் பார்த்தது அதுதான் கடைசி; பிறகு நான் செம்பூர்ப் பக்கமே போகவில்லை. அந்த வாரமே ஜெயா மன்னியிடம் போய், சமையலறை மேடையையும் அடுக்கையும் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டதையும் ஒன்றுவிடாமல், கொஞ்சம் சேர்த்தும், நடித்துக் காட்டினேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் மன்னி என்று சொல்லாமல் சொன்னதாக எனக்கு எண்ணம். மன்னி சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டார்.

"இட்லி எப்படி இருந்தது?"

"பஞ்சு மாதிரி."

"போறது போங்கோ. அவர் இருந்தவரைக்கும் அந்தப் பொட்டியால இந்தாத்துல ஒரு காரியமும் ஆனதில்லை."